பழகுவது பைப்பா, ஆளா?

புது பைப் வாங்கியவனுக்குப் புகையிலைக்கு முன்னால் உபதேசம் வந்து சேர்ந்துவிடும். (தண்ணீர் பைப் இல்லை, வாயில் வைத்துப் புகைக்கும் பைப்.) உபதேசம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் சில தடவை கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புகையிலை போடு. அப்புறம் சில தடவை பாதி. அப்புறம் முக்கால். அதற்கப்புறம்தான் முழுக் கிண்ணம். மெதுவாக இழு. சுட ஆரம்பித்தால் கீழே வை. அடி வரைக்கும் எரிய விடு. சாம்பலைத் தட்டிவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடு. இப்படி இருபது முப்பது தடவை ஆனால் பைப் "பழகிவிடும்". அதுவரை புகை கசக்கும், நாக்கு எரியும், தலை சுற்றும். பொறுத்துக்கொள் தம்பி, உன் மேல் தப்பில்லை, பைப் இன்னும் பழகவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் உள்குத்து இருக்கிறது.

உபதேசம் முழுக்க ஜல்லி என்று சொல்லிவிட முடியாது. பிரையர் பைப் செய்யும் மரம் மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் அடிமுண்டு. வேருக்கும் தண்டுக்கும் நடுவில், மண்ணுக்குள் உருண்டு திரண்டு கிடக்கும். காட்டுத்தீயில் மேலே உள்ளதெல்லாம் சாம்பலானாலும் இந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்விடும். அவ்வளவு கெட்டி. ஆனாலும் மரம் மரம்தானே. உள்ளே தணல் கிடந்தால் வெறும் சுவர் கருகும். சில பைப்புகள் கருகிக் கருகி ஓட்டையே விழுந்துவிடும். புகைக்கப் புகைக்க உட்சுவரில் கரி படிந்து ஒரு படலமாகி, தணலுக்கும் மரத்துக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். ஒரு நாணயத்தின் கனம் இருந்தால் போதும். அதற்கு மேல் தடித்தால் சூட்டில் விரிந்து கிண்ணமே பிளந்துவிடும் என்று, அதைச் சுரண்டி எடுக்கத் தனியாக ஒரு கருவியும் விற்கிறார்கள். படலம் வளர்க்கவும் செலவு, வெட்டவும் செலவு!

நம்மூர் ஆளுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. இரும்பு தோசைக்கல் வாங்கினால் வீட்டில் நடப்பது இதேதான். எண்ணெய் தடவி, காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்து, மறுபடி எண்ணெய் தடவி, கல்லைப் பழக்குவார்கள். முதல் நாலு தோசை பிய்ந்து கருகி வரும்.

ஆனால் அந்த முதல் நாலு தோசை காக்காய்க்குப் போகும். "கசந்தாலும் தின்னு, தின்னத் தின்னக் கல் பழகிவிடும்" என்று எந்த அம்மாவும் பிள்ளையிடம் சொன்னதில்லை. பைப்பில் மட்டும் கருகின தோசை முழுவதும் வாங்கினவன் வாய்க்கே போகிறது. அதுவும் அவன் நன்றியோடு சாப்பிட வேண்டும், பொறுமை என்ற உயர்ந்த குணத்தைக் கற்றுக்கொண்டதாக வேறு நினைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் அந்த மரம் பச்சையாகக் கடைக்கு வருவது கிடையாது. ஃப்ரான்சில் ஜூரா மலைப்பக்கம் இருக்கும் சேன் க்ளோத் ஊர்க்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரையரில் பைப் கடைய ஆரம்பித்தார்கள். தோண்டி எடுத்த முண்டுகளை அறுத்து, அண்டாவில் போட்டுப் பல மணி நேரம் கொதிக்கவைப்பது வழக்கம். உள்ளே இருக்கும் சாறும் பிசினும் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். நல்ல பட்டறைகளில் வருஷக்கணக்கிலும் போகும். முதல் உலகப்போர் சமயத்தில் லண்டனின் டன்ஹில் இன்னும் ஒரு படி மேலே போய், கிண்ணத்தை எண்ணெயில் ஊறவைத்து, அப்புறம் சூடேற்றி அந்த எண்ணெயைக் கசியவிட்டு எடுத்தார்கள். இன்றைக்குப் பல பைப்புகளின் உட்சுவரில் முன்கூட்டியே கருப்புப் பூச்சு பூசித்தான் வருகிறது. சிலர் சோடியம் சிலிகேட்டோடு கரித்தூள் கலந்து பூசுகிறார்கள். கையால் செய்து விற்கும் கைவினைஞர்கள் சிலர் மோரில் கரித்தூளைக் குழைத்துப் பூசுகிறார்கள். (ஆமாம், மோர்தான்.) வாங்கினவனும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குக் கிண்ணத்துக்குள் தேன் தடவி வைப்பான். மரத்தைக் காப்பாற்றும் வேலையைப் பட்டறையே முக்கால்வாசி முடித்துவிட்ட பிறகும், முப்பது தடவை சடங்கு மட்டும் ஒரு தடவை கூடக் குறையவில்லை.

அடுத்த சங்கதி இன்னும் வேடிக்கை. பிரையர் அல்லாத பைப்புகளுக்கு இந்தச் சடங்கே கிடையாது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர் (தலைநகர் இல்லை, இது வேறு). ஹென்றி டிப்பே என்ற டச்சு மரக்கடைசல்காரர் அங்கே 1869-இல், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைக் குடைந்து பைப் செய்தார். 1878-இல் அதற்கு பேடன்ட்டும் வாங்கினார். ஜெனரல் மெக்ஆர்தர் வாயில் தொங்கிய பைப் இந்த ஜாதிதான். இன்றைக்கும் சில டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கிய அன்றே முழுசாக நிரப்பிப் புகைக்கலாம், பழக்கவே வேண்டாம் என்று சடங்குப் பிரியர்களே சொல்கிறார்கள். பிரையர் வருவதற்கு முன்னால் ஐரோப்பா முழுக்கப் புகைத்தது களிமண் பைப்பில். ஹாலந்தின் கௌடா நகரம் அதற்குப் பேர்போனது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரைச் சேற்றில் இப்போதும் அதன் உடைந்த துண்டுகள் கிடைக்கின்றன. களிமண்ணுக்கு ஏது பழக்கம்? அழுக்கானால் நெருப்பில் போட்டு எடுத்தால் மறுபடி வெள்ளை. துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் வெள்ளைக் கனிமத்தில் செதுக்கும் மியர்ஷாம் பைப்பில் கரிப்படலம் கட்டவே விடக்கூடாது, கிண்ணம் விரிசல் விடும் என்பது விதி.

ஆக மூன்று ஜாதி பைப்பில் பழக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த மூன்றில் எதை ஒரு புது ஆள் கையில் கொடுத்தாலும், முதல் நாள் நாக்கு எரியும், வாயெல்லாம் எச்சில் ஊறும், தலை சுற்றும். இப்போது என்ன சொல்வது? களிமண் இன்னும் பழகவில்லை என்றா?

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கற்பனை. தாத்தா முப்பது வருஷம் பழக்கிப் பதப்படுத்தி வைத்திருக்கும் பைப்பைப் பேரன் எடுத்துக் கிண்ணம் நிறைய அடைத்து இழுக்கட்டும். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, குமட்டிக்கொண்டு சுவரைப் பிடிப்பான். பேரனின் புத்தம்புது பைப்பை அதே தாத்தா இழுக்கட்டும். "என்னடா, பாலிஷ் நாத்தம் அடிக்குது" என்பார். முகத்தைச் சுளிப்பார். தலை சுற்றாது. பைப்பின் வயசுக்கும் தலைசுற்றலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் ஆளின் வயசுக்கு, அதாவது ஆள் எத்தனை கிண்ணம் பார்த்தவன் என்பதற்கு.

தலைசுற்றலுக்குப் பெயர் நிகோடின். பைப் புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்திருந்து விடுவதுதான் முறை என்பார்கள். புகை காரத்தன்மை கொண்டதாக இருந்தால், நிகோடினுக்கு நுரையீரல் வரைக்கும் போகவேண்டிய அவசியமே இல்லை, கன்னத்தின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். வெயிலிலோ நெருப்பிலோ காயாமல் நிழலில் காற்றாடக் காய்ந்த இலைகளின் புகை இந்த ரகம். பழக்கமில்லாத உடம்பு அதைப் பார்த்ததும் வியர்வை, குமட்டல், வாந்தி என்று தனக்குத் தெரிந்த பாஷையில் எல்லாம் "வேண்டாம்" என்கிறது. தொடர்ந்து கொடுத்தால் கொஞ்ச நாளில் அந்த எதிர்ப்பு அடங்கிவிடும். நாக்கு எரிச்சலும் இதே கதைதான். ஈரப் புகையிலையை அவசர அவசரமாக இழுத்தால் சூடான ஆவி நாக்கைச் சுடும். முப்பது தடவையில் ஆள் நிதானமாக இழுக்கக் கற்றுக்கொள்கிறான். மரம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இப்போது அந்த உபதேசத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் பாதி. அப்புறம் முக்கால். அப்புறம் முழுசு. நடுவில் ஒரு நாள் இடைவெளி. நிகோடின் பழகாத உடம்பை வாந்தி எடுக்காமல் நிகோடினுக்குப் பழக்க வேண்டும் என்று ஒரு டாக்டரிடம் அட்டவணை கேட்டால் இதைவிடப் பிரமாதமாக எழுதித் தரமாட்டார். யாரும் ரூம் போட்டு யோசித்துச் சதி செய்யவில்லை. சொல்கிறவர்கள் மனசார மரத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். சதி இல்லாமலே காரியம் நடந்துவிடுகிறது என்பதுதான் இதில் பயங்கரம். உடம்பு கொடுக்கும் ஒவ்வொரு எச்சரிக்கையும் பைப்பின் கணக்கில் எழுதப்படுகிறது. உடம்பு வாயடைத்துப் போன அன்றைக்கு, "பார்த்தாயா, பைப் பழகிவிட்டது" என்று கொண்டாட்டம்.

இங்கிலீஷ்காரனுக்கு இந்த ரகசியம் சட்டென்று பிடிபடாது. அவன் பாஷையில் பைப்பை வசத்துக்குக் கொண்டுவர ஒரு சொல், போதைக்கு வேறு சொல். தமிழில் ஒளிய இடமே இல்லை. பழக்குவது, பழகுவது, பழக்கம்: எல்லாம் ஒரே வேர். "அவருக்கு அந்தப் பழக்கம் உண்டா?" என்று பெண் வீட்டார் கேட்டால், எந்தப் பழக்கம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

"சிகரெட் அளவுக்கு மோசமில்லையே, புகையை உள்ளேயே இழுப்பதில்லையே" என்பது இதற்குத் தயாராக இருக்கும் பதில். நியாயமாகப் பேசினால் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1964-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட புகழ்பெற்ற புகைப்பிடித்தல் அறிக்கையே, பைப் மட்டும் பிடிப்பவர்களின் சாவு விகிதம் பிடிக்காதவர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை என்றுதான் சொன்னது. பைப் பிரியர்கள் அந்த ஒரு வரியை வைத்தே பல வருஷம் ஓட்டினார்கள். அதே அறிக்கையில் பைப்பினால் உதட்டுப் புற்றுநோய் வருவது உறுதியாகிவிட்டது என்றும் இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. உதடு விஷயம் அதற்கும் முன்னாலேயே தெரிந்ததுதான். ஜெர்மன் மருத்துவர் ஸோமரிங் 1795-லேயே பைப் பிடிப்பவர்களின் கீழுதட்டில் புற்று வருவதை எழுதி வைத்துவிட்டார்.

பிறகு 2004-இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982-லிருந்து தொடர்ந்து கவனித்து வந்தவர்களில், எந்தக் காலத்திலும் புகைக்காதவர்கள், பைப் மட்டுமே பிடித்தவர்கள் என்று சுமார் 1,38,000 ஆண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பைப்காரர்கள் நுரையீரல் புற்றுநோயில் சாவது சுமார் 5 மடங்கு. குரல்வளைப் புற்றுநோயில் சுமார் 13 மடங்கு. வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் கூடுதல். சிகரெட்டைவிடப் பொதுவாகக் குறைவு என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. பத்தாவது மாடியிலிருந்து விழுவதற்கு ஐந்தாவது மாடி தேவலை என்ற கணக்கு. "உள்ளே இழுப்பதில்லை" என்று சொல்பவர்களின் நுரையீரலுக்கு அது தெரியவில்லை போலும்.

இவ்வளவுக்கும் பைப்பை யாரும் போதை என்று பார்ப்பதில்லை. காரணம் அதைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தவர்கள். சிகரெட் என்றால் பொறுக்கி, பீடி என்றால் கூலி, பைப் என்றால் சிந்தனையாளர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ஐன்ஸ்டைன், ஷெர்லாக் ஹோம்ஸ். நம் பழைய படங்களில்கூடக் குடிகாரனுக்குப் பீடிதான். பட்டு கவுன் போட்டு மாடிப்படியில் இறங்கும் பணக்கார அப்பாவுக்கு மட்டும் பைப். பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் மேடையிலும் டிவியிலும் பைப்போடுதான் வருவார். கதவைச் சாத்தினால் அவருக்குப் பிடித்தது சுருட்டு என்பது பிற்பாடு பரவலாக வெளிவந்த விஷயம். 1965-இல் "ஆண்டின் சிறந்த பைப் புகைப்பாளர்" விருது அவருக்கு. கொடுத்தது வேறு யார், பைப் வியாபாரிகள் சங்கம்தான். ஸ்டீஃபன் ஃப்ரை 2003-இல் வாங்கினார், அடுத்த வருஷம் புகையிலை விளம்பரச் சட்டத்துக்குப் பயந்து விருதையே நிறுத்திவிட்டார்கள். விருது விளம்பரம்தான் என்று கொடுத்தவர்களே ஒப்புக்கொண்ட அழகு அது.

ஹோம்ஸ் மாதிரி யோசிக்க ஆசைப்பட்டு ஹோம்ஸின் பைப்பை மட்டும் வாங்கும் காலேஜ் பையனை விளம்பரக்காரன்கூடக் கூப்பிடவில்லை. நாவல்களும் சினிமாவும் கூப்பிட்டன. "முப்பது தடவை பொறுத்துக்கொள்" என்று எங்கிருந்தோ ஒரு பெரியவர் பாசத்தோடு சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் குமட்டியபோதே அவன் பைப்பைப் பரணில் எறிந்திருந்தால் ஒரு மரத்துண்டின் விலையோடு போயிருக்கும். பெரியவர்தான் எறியவிடவில்லை.

முப்பது தடவை முடித்தவனுக்கு அடுத்த பாடம் தயாராக இருக்கிறது. பழகின பைப்பைத் தினமும் பிடிக்கக் கூடாதாம், மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், காய வேண்டுமாம். ஒரு பைப் போதாது. இதற்கென்றே ஒரு பெட்டியில் ஏழு பைப், திங்கள் முதல் ஞாயிறு வரை ஆளுக்கொன்றாகக் கிழமை பொறித்து விற்றிருக்கிறார்கள். ஏழும் புத்தம்புதுசு. ஏழையும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பழக்கவேண்டும்.