தீவனப் பயிருக்கு டன் கணக்கு மட்டும் போதுமா? வேரையும் பாருங்க!

ஆரணி பக்கத்துல இருக்கிற சேவூர்னு சொன்னாலே பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். தறிச் சத்தத்தைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்தால், அது மழையை நம்பியிருக்கும் திருவண்ணாமலை மாவட்டம். மானாவாரி வேர்க்கடலை, அறுவடை முடிந்தால் கொடி மாட்டுக்கு. ஏரி வற்றும் கோடையில் பசுந்தீவனத்துக்கு எங்கே போவது?

குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், தீவனத் தட்டைப்பயறு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாமே பயறு வகை. புல்லைவிட புரதம் அதிகம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் யூரியா செலவும் குறையும். சூப்பர்தான். ஆனா ரகங்களைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டுங்க: ஹெக்டேருக்கு எத்தனை டன், எத்தனை அறுப்பு, எவ்வளவு புரதம். வேர் எவ்வளவு ஆழம் போகும்? பெரும்பாலும் பேச்சே இல்லை. கிணறு இருப்பவருக்கு இது போதும், மானாவாரிக்காரருக்குப் போதாது.

வேரைப் பார்த்து ரகம் உருவாக்க முடியுமா? கொண்டைக்கடலையில் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஐசிசி 4958 என்ற ரகத்துக்கு வேர் ஆழமாகவும் அடர்த்தியாகவும் போகும். ஹைதராபாத் அருகே இருக்கும் இக்ரிசாட் விஞ்ஞானிகள், இந்த வேரோடும் வறட்சி தாங்கும் குணத்தோடும் தொடர்புள்ள மரபணுப் பகுதியை அடையாளம் கண்டார்கள். டிஎன்ஏ அடையாளங்களின் துணையோடு அதை வேறொரு ரகத்துக்கு மாற்றி, 2019-ல் வந்ததுதான் பூசா 10216.

அப்போ ஆழமான வேர் இருந்தால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. கோடையில் தண்ணீர் கிடைப்பது மண்ணின் அடியில். மணிச்சத்தோ மேல்மண்ணிலேயே தங்கிவிடும், அதிகம் நகராது. அதைப் பிடிக்க மேலாகப் பரவும் வேரும் நீளமான வேர்த்தூவிகளும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்துக்கான குளோவர் பயிரில் ஆய்வாளர்கள் தேடுவது இந்தத் தூவிகளைத்தான். ஒரு செடியிடம் இருக்கும் சத்து அளவோடுதான். ஆழத்துக்குச் செலவழித்தால் அகலத்துக்குக் குறையும். எந்த மண்ணுக்கு எது என்று அந்தந்த ஊரில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

வேரைத் தோண்டி அளப்பது நாய்ப்பாடு, உண்மைதான். அதற்காக விட்டுவிட முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தீவனப் பயிர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுத்த ரகத்தை வெளியிடும்போது டன் கணக்கோடு இன்னொரு வரியும் சேர்க்கட்டும்: தண்ணீர் விடாமல் எத்தனை நாள் பச்சையா நிற்கும்?