சம்பளக்காரனும் கட்சி நன்கொடையும்

கட்சிக்குக் காசு கொடுக்கறதுன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது பெரிய கம்பெனிங்க தான். 2024 பிப்ரவரி 15-ல சுப்ரீம் கோர்ட் தேர்தல் பத்திரத்தை ரத்து பண்ணுச்சு. அடுத்த மாசம் லிஸ்ட் வெளிய வந்தா, முதலிடத்துல நம்ம கோயமுத்தூர் லாட்டரி மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய்! ஆளாளுக்குப் பொங்கினோம். நியாயம் தான்.

சரி, மாசச் சம்பளம் வாங்கற நாம கொடுக்கற நன்கொடை எப்படி இருக்கு?

அமெரிக்காவுல மத்திய தேர்தல் வேட்பாளருக்கு கம்பெனி நேரடியா காசு கொடுக்க 1907-லயே தடை. ஆனா அங்க வேலை பாக்கறவங்க சொந்தக் காசைக் கொடுக்கலாம். 200 டாலரைத் தாண்டினா பேரு, வேலை, கம்பெனி எல்லாம் பொதுவுல வந்துடும். 'கூகுள் ஊழியர்கள் இந்தக் கட்சிக்கு இவ்வளவு கொடுத்தாங்க'ன்னு செய்தி வர்றது அப்படித்தான். இங்க 20,000 ரூபாயைத் தாண்டினா கட்சி நம்ம பேரைத் தேர்தல் கமிஷன்கிட்ட சொல்லணும். எங்க வேலைங்கற கட்டம் அதுல கிடையாது. அது இல்லாததே நல்லதுன்னு தான் நான் சொல்லுவேன். மேனேஜர் பாத்துட்டு அப்ரைசல்ல கை வெச்சா யார் பதில் சொல்றது?

நம்ம பிரச்சினை வேற. 1961-ம் வருச வருமான வரிச் சட்டத்துல 80ஜிஜிசின்னு ஒரு பிரிவு. பேங்க் வழியா கட்சிக்குக் கொடுத்தா முழுத் தொகைக்கும் விலக்கு. நம்மாளுங்க இதுல கண்டுபிடிச்ச டெக்னிக் இது: பேரே கேள்விப்படாத ஒரு கட்சிக்கு ஒரு லட்சம் அனுப்பணும். கமிஷன் போக மிச்சம் ரொக்கமா திரும்பி வரும். 30 சதவீத வரி கட்டறவருக்கு செஸ்ஸோட 31,200 ரூபாய் மிச்சம். எங்க ஆபீஸ்லயும் ஒரு ஏஜென்ட் மார்ச் மாசமானா சுத்தி வருவார்.

2025 ஜூலை 14-ல வருமான வரித்துறை நாடு முழுக்க சுமார் 150 இடத்துல சோதனை போட்டுச்சு. இது மாதிரி பொய் விலக்குகளை அதுக்கு முந்தின நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் தாங்களாவே வாபஸ் வாங்கியிருந்தாங்க. மொத்தம் 1,045 கோடி. ஆகஸ்ட்ல தேர்தல் கமிஷன் 334 கட்சிகளைப் பட்டியல்லருந்து தூக்குச்சு. ஆறு வருசமா ஒரு தேர்தல்லயும் நிக்காத, ஆபீஸ் எங்கன்னே தெரியாத கட்சிங்க!

"அரசியல்வாதி திங்காததையா நான் தின்னுட்டேன்?"னு கேப்பாங்க. அந்த விலக்கு எதுக்கு சார் வந்துச்சு? நாலு சாதாரண ஆளுங்க சின்னச் சின்னதா வெள்ளையில கொடுத்தா, கட்சிங்க பெரிய கம்பெனி வாசல்ல நிக்க வேணாமேன்னு. அந்தக் கதவையும் நாமளே மூடிட்டு, அப்புறம் கம்பெனிக்காரன் கட்சியை வாங்கிட்டான்னு பொங்கறோம்.

எங்க பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்துல பூவன் என்ன விலைக்குப் போச்சுன்னு அத்தனை பேர் முன்னால சத்தமா சொல்றாங்க. படிக்காத வியாபாரிகிட்ட இருக்கற அந்த நேர்மை, இன்ஜினியரிங் படிச்ச நம்மகிட்ட இல்லாம போயிருச்சே!

நம்பற கட்சி இருந்தா, கிளைச் செயலாளர் மூஞ்சி தெரியற கட்சியா பாத்து 500 ரூபாய் கொடுங்க. ரசீது வாங்குங்க. நாளைக்கு ரோடு சரியில்லைன்னு அவரை நிறுத்திக் கேக்க அந்த ரசீது ஒண்ணு போதும்.

டிஸ்கி: பொய்க் கணக்கு மாட்டினா வரி, வட்டி போக, வரியில 200 சதவீதம் அபராதம். 31,200-க்கு 62,400. கணக்கு நீங்களே போட்டுக்கங்க மக்களே.