கையைத் தட்டிவிடாதீர்கள்

பழவேற்காட்டுக் குப்பங்களில் காது கேளாத பிள்ளையை வளர்க்கிறவர்களே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேசப்போகிறேன். நானும் அப்படி ஒரு பிள்ளையின் தாய்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

பிள்ளை கையை ஆட்டி ஏதோ சொல்ல வருகிறது. கையைத் தட்டிவிட்டு, ‘வாயத் தொறந்து சொல்லு’ என்கிறீர்கள். நாலு பேர் பார்த்தால் வெட்கமாம். ‘அம்மா’ என்று ஒரு சொல்லை வரவழைக்க வருஷக்கணக்கில் பாடுபடுகிறீர்கள். அது வந்துவிட்டால் தெருவையே கூப்பிட்டுக் காட்டுகிறீர்கள். சரி, அந்த வருஷங்களில் பிள்ளை கேட்க நினைத்த கேள்விகளெல்லாம் என்ன ஆயின? தாத்தா ஏன் திரும்பி வரவில்லை, இன்றைக்கு ஏன் படகு போகவில்லை, வயிற்றில் எந்தப் பக்கம் வலிக்கிறது, இதையெல்லாம் எந்த மொழியில் உங்களிடம் சொல்லும்? மொழி வேரூன்றுகிற வயது முதல் ஐந்தாறு ஆண்டுகள்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்று அந்த வயதை ஓட்டிவிட்டால், பிறகு எத்தனை டியூஷன் வைத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது மிகக் கடினம்.

காது கேட்கிறவர் உசத்தி, வாயால் பேசினால்தான் மனிதர் என்கிற இந்த நினைப்புக்கு, 1970களில் டாம் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கர் ‘ஆடிசம்’ (audism) என்று பெயர் வைத்தார். அவரும் காது கேளாதவர். சாதியையும் நிறத்தையும் வைத்து ஆளை எடைபோடுவது தப்பு என்று மேடையில் கைதட்டுகிற நாம்தான், வீட்டுக்குள் காதை வைத்து எடைபோடுகிறோம்.

படித்தவர்களும் இதில் தப்பவில்லை. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்கிறவர்கள். பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சுப் பயிற்சிதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்தார்கள், அடித்தார்கள். அந்தத் தீர்மானம் தவறு என்று அதே மாநாடு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது, கனடாவின் வான்கூவரில். அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்?

கடலில் எஞ்சின் இரைச்சலில் யார் கத்தினால் யாருக்குக் கேட்கிறது? வலையை விடு, நிறுத்து, திருப்பு என்று கையைத்தானே காட்டுகிறீர்கள்? அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்டு என்று ஒரு தீவு. அங்கும் ஒரு காலத்தில் மீன்பிடிப்பு முக்கியப் பிழைப்பாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவின் சில்மார்க் ஊரில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். ஊரே சைகை கற்றுக்கொண்டது. காது கேட்கிறவர்கள்கூடப் படகுக்குப் படகு கையாலேயே பேசிக்கொண்டார்கள். நோரா எலன் குரோஸ் என்ற ஆய்வாளர் 1985இல் அதை நூலாக எழுதினார். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்து அலிப்பூர் கிராமத்தில் இன்றும் தமக்கென்று ஒரு சைகைமொழி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்க்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்தக் குழுவுக்கு எந்த நாள், எந்த இடத்தில் மீன்பிடிக்கும் பாடு என்று பேச்சு நடக்கிறது. காது கேளாத இளைஞன் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிக்கிறான். ‘என்ன பேசினாங்க?’ என்று கை காட்டிக் கேட்டால், ‘அப்புறம் சொல்றேன்’ என்று முதுகில் தட்டுகிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. புயல் அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். அது அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

‘ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி சைகை எதுக்கு?’ என்கிறார்கள் சிலர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது நல்ல காரியம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவியின் வெளிப்பகுதியை ஏரியில் இறங்கும்போது கழற்றி வைக்கிறோம், தூங்கும்போதும் கழற்றுகிறோம். உப்புக்காற்றில் பழுதானால் சரிசெய்து வரும்வரை பிள்ளை என்ன செய்யும்? அந்த நேரத்துக்கெல்லாம் மொழி வேண்டாமா?

சைகை பழகினால் தமிழ் வராது என்ற பயம்தான் உங்களை ஆட்டுகிறது. நடப்பது நேர்மாறு. நம் பிள்ளைகள் ‘அப்பா கடல் போனார்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கடலுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ அவர்கள் காதில் விழுந்ததே இல்லை, பிறகு எப்படி எழுத வரும்? சைகையும் தமிழும் சேர்ந்த இருமொழி வகுப்பில் ஆசிரியர் முதலில் கதை முழுவதையும் சைகையில் சொல்லிவிடுவார். பொருள் பிடிபட்ட பிறகு பலகையில் வாக்கியத்தை எழுதி, சைகையில் இடத்தைக் காட்டிச் சொன்னதைத் தமிழில் இந்த ‘கு’ சொல்கிறது என்று விளக்குவார். தெரிந்த மொழியைக் கொண்டு தெரியாத மொழியைப் பிடிப்பது, அவ்வளவுதான். ஸ்வீடன் 1983இலேயே இதைப் பாடத்திட்டமாக்கியது. காது கேளாத பிள்ளைக்குப் படிப்பு வரும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதில்லை, ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்பவர் 1890களிலேயே பாளையங்கோட்டையில் பள்ளி நடத்தினார்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களை அமர்த்தச் சொல்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் இந்திய சைகைமொழியைப் பேசுகிறது. டெல்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். ஆசிரியர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வேண்டிய பத்துச் சைகைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தாயை மட்டும் மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டு நீங்கள் திண்ணையில் உட்காராதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு நம்மைப் போன்ற பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் சைகைமொழி ஆசிரியர் வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஒரு குப்பத்தில் ஒரே பிள்ளை இருந்தால் குரல் எடுபடாது, கோரைக்குப்பத்துக்காரரும் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரரும் சேர்ந்து பொன்னேரிக்குப் போய் மனுக் கொடுப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், நாம் என்ன கேட்கப் போகிறோம் என்பதைப் போகும் வழியிலேயே அவர்களுக்குக் கையால் சொல்லிவிடுங்கள்.