சுவரைப் படம் எடுங்கள்



இந்த இதழின் நடுப்பக்கத்தில் தனுஷ்கோடி தேவாலயச் சுவர் மட்டுமே இருக்கிறது. கடல் இல்லை, ஆள் இல்லை. 'தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் என்றதும் வெறுஞ்சுவரையா போடுவது?' என்று அலுவலகத்திலேயே கேட்டார்கள். கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சுவரின் பவளக்கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. நடுவே சுண்ணாம்புக் காரை உதிர்ந்த பள்ளங்கள், உப்புக்காற்று அரித்த விளிம்புகள்.

இவ்வளவும் தெரியக் காரணம், படம் 4×5 அங்குல பிலிமில் எடுத்தது. சாதாரண 35 மி.மீ. பிலிமைவிடப் பரப்பு ஏறக்குறைய 15 மடங்கு. அதற்கான கேமராவில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் குரூப் போட்டோவுக்கு நின்றவர்களுக்கு நினைவிருக்கும். லென்ஸை மட்டும் தனியே திருப்பிக்கொள்ளலாம் என்பதால், சுவரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தாலும் இந்த மூலை முதல் அந்த மூலை வரை துல்லியமாக விழும். வெயில் சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். உச்சிவெயிலில் குழி, மேடு எல்லாம் ஒன்றாகிவிடும். தனுஷ்கோடிக் காற்றோ கேமராவை நிற்கவிடாது!

சுவரை இப்படி நுணுக்கமாகப் படம் எடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மெழுகு பூசிய காகித நெகட்டிவை வைத்துக்கொண்டு, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார். நீளம் சுமார் 19 அடி. பிறகு மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசுக்கு இது ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் படப்பணியையே நிறுத்திவிட்டார். அந்த 19 அடியைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

தஞ்சைக் கருங்கல் இன்னும் நிற்கும். நம் பவளக்கல் அப்படியல்ல. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு கல்கூட எடுக்கக் கூடாது. சட்டம் சரிதான். ஆனால், இடிந்த சுவரை அதே கல்லால் இனி யாரும் கட்டப்போவதில்லை.

ஏர்வாடி, வாலிநோக்கம், கீழக்கரை, வேதாளை என்று எந்த ஊரானாலும், உங்கள் தெருவில் பவளக்கல் சுவர் நின்றால் படம் எடுத்து அனுப்புங்கள். பெரிய கேமரா வேண்டாம், செல்போனே போதும். காலை வெயிலில் எடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். ஊர், தெரு, தேதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
கடலாடி