கி.ரா.வும் எட்டு மதிப்பெண்ணும்

கோட்டக்குப்பத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ தமிழ்ப் புத்தகத்தில் ஒரு விரிவானப் பாடம். தேர்வில் அது எட்டு மதிப்பெண் நெடுவினா. குறிப்புச் சட்டம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று நோட்ஸில் உள்ள விடையை ஒப்பித்தால் போதும். கதையில் வரும் அன்னமய்யாவும் நீச்சுத் தண்ணியும் மார்ச் தேர்வோடு மறந்துவிடும்.

கொடுமை என்னவென்றால், எழுதியவர் எங்கோ இருந்தவரல்ல. இடைசெவல் கிராமத்துக்காரரான கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். கடைசிக் காலத்தைப் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் கழித்தார். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு, கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்றுத் தூரம்தான். 2021 மே மாதம் அவர் மறையும்வரை ஒரு டவுன் பஸ் தொலைவில் இருந்தவரைப் பிள்ளைகள் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று மனப்பாடம் செய்தார்கள்.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. களைத்து வந்த வழிப்போக்கனை யாரென்று விசாரிக்கும் முன்பே பசியாற்றும் கதை, விருந்தோம்பல் தெரிந்த எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியும். கேள்விதான் கோளாறு: சுருக்கிச் சொல்லச் சொல்கிறது, எங்கே சிரித்தாய், எது பிடிக்கவில்லை என்று கேட்பதே இல்லை.

1991ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலின் முழுப்பிரதி எத்தனை பள்ளி நூலகங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது? நான்கைந்து பிரதி வாங்கி, வாரம் ஒரு பாடவேளை சும்மா படிக்க விட்டு, பிள்ளை தன் நடையில் எழுதியதற்கே அந்த எட்டு மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். திருத்தும் ஆசிரியருக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை.