ஓதம் ஏறிய வேளையில் பறவைகளுக்கு இடம் எங்கே?

ஐப்பசித் திங்களில் கச்சு வளைகுடாவின் தென்கரையில், ஜாம்நகரை அடுத்த பகுதிகளுக்குப் பறவை காணச் செல்வோர், பெரும்பாலும் ஓதம் இறங்கும் நேரத்தையே நாடுகின்றனர். கடல் பின்வாங்கப் பின்வாங்க, சேற்றுப்பரப்பு மைல்கணக்கில் விரிகிறது. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே பரவி, புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடி உண்கின்றன. அரேபியக் கரையோர மணலில் வளை தோண்டி முட்டையிடும் நண்டு தின்னியையும் அங்குக் காணலாம். இக்காட்சி கண்டோர், சேற்றுப்பரப்பைக் காத்தால் பறவைகளைக் காத்ததாகும் என்று முடிவு செய்வது இயல்பே. ஆனால் அது பாதி உண்மை மட்டுமே.

ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கடல் மீண்டும் ஏறிவிடுகிறது. உணவுத்தட்டு முழுவதும் நீரில் மறைந்தபின் அப்பறவைகள் எங்கே செல்லும்? நீரில் மூழ்காத மணல்மேடு, உப்பள வரப்பு, தரிசாகக் கிடக்கும் உவர்நிலம் ஆகியவற்றில் நெருங்கி நின்று, அடுத்த இறக்கம் வரையில் ஓய்வு கொள்கின்றன. இவ்விடங்களே மக்கள் வழக்கில் 'வீண்நிலம்' எனப் பெயர் பெற்றவை.

இலையுதிர்காலத்தில் இவ்வோய்வு இன்றியமையாதது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த பறவைகள் ஆகஸ்டு மாதம் முதலே வந்து சேர்கின்றன. அவற்றுள் சில, இனப்பெருக்கக் காலத்துச் செந்நிறம் முற்றும் நீங்காமலே வருகின்றன. அவ்வாண்டில் பிறந்த குஞ்சுகள் பெற்றோரின் துணையின்றிப் பின்னர் வருகின்றன. முதிர்ந்தவை வந்த இடத்தில் சிறகிறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துப் புதியன வளர்க்கின்றன. இறகு வளர்ப்பதற்கும் இழந்த கொழுப்பை ஈட்டுவதற்கும் உணவு வேண்டும். ஈட்டியதை வீணாக்காதிருக்க ஓய்வு வேண்டும். நாயோ, படம் பிடிக்க நெருங்கும் மனிதரோ கூட்டத்தை எழுப்பும்போதெல்லாம் அச்சேமிப்பு கரைகிறது.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு மதிப்புமிக்க பணியாகும். எனினும், இலையுதிர்காலத்தில் தங்கிச் சென்று, ஜனவரிக்குள் வேறிடம் அடைந்துவிட்ட பறவைகளை அது காட்டாது. ஆதலின் செப்டம்பர் முதல் நவம்பர் வரையில், ஓதம் உச்சத்தில் இருக்கும் வேளையில், தொலைவிலிருந்து தொலைநோக்கியால் எண்ணி, இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்தல் நன்று. இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓத அட்டவணையும் பொறுமையும் போதும்.

உப்பளத் தொழிலுக்கு இதனால் இடையூறு நேருமோ எனலாம். மழைக்குப்பின் பாத்திகளைச் செப்பனிடும் காலமும் இதுவே என்பது மெய். ஆனால் வேண்டுவது எல்லா வரப்புகளும் அல்ல. பறவைகள் வழக்கமாகக் கூடும் ஓரிரு புற வரப்புகளே. அங்கும் கடல் ஏறிநிற்கும் சில மணி நேரம் ஆட்போக்குவரத்தைத் தவிர்த்தால் போதும். நன்னீரையும் உவர்நீரையும் பிரிக்க மனிதர் எழுப்பிய அணையே ஜாம்நகருக்கு அருகிலுள்ள கிஜடியாவைப் பறவைகளின் புகலிடமாக்கிற்று; அது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. மனிதர் உழைப்பும் பறவைகளின் வாழ்வும் ஒரே கரையில் பொருந்தக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

உண்ணும் இடத்தை மட்டும் காத்து, உறங்கும் இடத்தைப் பறித்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. கடலோர நிலம் எதனையும் வீண்நிலம் என்று எழுதுமுன், ஓதம் ஏறிய வேளையில் ஒருமுறை அங்குச் சென்று பார்த்தல் வேண்டும்.