நோவைக் கேட்கும் இடத்தில் மனதையும் கேளுங்கள்

மதிப்புக்குரிய வடமாகாண ஆளுநர் அவர்களுக்கு,

மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்துக்குரிய வைத்தியசாலைகளைப் பற்றிச் சனங்கள் முறையிடுவதானால் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் உள்ளது என்பதை அறிவேன். நான் எழுதுவது மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை போன்ற ஆதார வைத்தியசாலைகளைப் பற்றி. விடியற்புறம் முதல் பஸ்ஸில் ஏறிப் போய் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் எங்களைப் பற்றி.

1987இல் வடமராட்சித் தாக்குதலின்போது என் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் புகுந்த செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுக்கப்போனால் நரம்பு பழுதாகும் என்று அன்றே விட்டுவிட்டார்கள். உள்ளே இரும்பு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் வைத்தியர்கள் யோசிக்கிறார்கள். வகுப்பில் நிற்க முடியாமல் போய் ஆசிரியத் தொழிலை நேரத்தோடு விட்டேன். பிறகு வல்லிபுரக் கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவது நின்றது. கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஒரு சாட்டுச் சொல்லப் பழகினேன். நாரி உழைவைக் காட்டிலும், எதிலும் மனம் ஒட்டாத அந்த வெறுமைதான் என்னை வீழ்த்தியது. இரவு முழுக்க யோசினை. விடிந்தால் எழும்ப ஒரு காரணமும் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில் நான் போன கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரே கேள்வி: "நோ எப்பிடி?" நான் சொன்னதும் ஒரே பதில்: "அப்பிடியேதான்." கொப்பியில் பழைய குளிசைகளையே திரும்ப எழுதுவார்கள். நித்திரை வருகிறதா, சாப்பிட மனம் வருகிறதா, உயிரோடு இருக்க விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. வெளியில் கூட்டம் நெருக்க, ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடமும் இல்லாத வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்கவேண்டும் என்று ஒரு ஒழுங்கு அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

குளிசைக் கதையையும் சொல்லவேண்டும். நரம்பு நோவுக்கு இரவில் சிறு அளவாகக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கூடிய அளவில் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவது. மருந்துச் சாளரத்தில் கடதாசி உறையில் போட்டு "இரவில் ஒண்டு" என்று தருவார்கள். எதற்கு என்று சொல்ல அங்கே நேரமில்லை. என்னோடு வாங்கில் இருக்கும் ஒரு அம்மா, "இது விசருக்குக் குடுக்கிற குளிசை" என்று ஆரோ சொன்னதைக் கேட்டு, உறையோடு அடுப்பில் போட்டுவிட்டார். அடுத்த மாதமும் நோ குறையவில்லை என்றுதான் வைத்தியரிடம் சொன்னார்.

நோவும் மனச்சோர்வும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியே இறங்கி நோவை அடக்கும் நரம்புப் பாதைகளுக்கு செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற இரசாயனங்கள் வேண்டும். மனநிலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. நோவால் நித்திரை கெடும். நித்திரை கெட்டால் மறுநாள் நோ கூடும். நோவுக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் தசை தளர்ந்து, ஆட்களின் முகமும் மறந்துபோகும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. மனத்துயர் உடல் நோவாக வெளிப்படுவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார்கள். அவருடைய 'மனவடு' 1993இலேயே தமிழில் வந்தது. 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்று, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானபோது, நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. ஆனால் இந்த அறிவை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்டுமில்லை, எல்லாம் மனம்தான்" என்று திருப்பி அனுப்புவது கொடுமை. வெங்காயத் தறையில் குனிந்தே நாரி போன பெண்ணின் நோ உண்மையான நோ. மிதிவெடியில் கால் போனபின், இல்லாத பாதம் எரிகிறது என்று துடிப்பவரின் நோவும் உண்மையானது. அந்த நோவாலேதான் அவர்களின் மனம் உடைகிறது.

ஆளுநர் அவர்களே, பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. நோவோடு மாதக்கணக்காக வரும் எவரிடமும் கிளினிக் தாதியர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: கடந்த இரண்டு கிழமையாக மனம் சோர்ந்து, விடிவில்லை என்று தோன்றியதா? செய்யும் காரியங்களில் நாட்டமோ சந்தோசமோ இல்லாமல் போனதா? உலகெங்கும் மனச்சோர்வை முதலில் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு நிமிடம் போதும். ஆம் என்பவரை வேறு கட்டடத்துக்கு அனுப்பவேண்டாம். "விசர் கிளினிக்" என்று ஊர் சொல்லும் வாசலுக்கு அனுப்பிய துண்டைக் கிழித்துப்போட்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கிழமையில் ஒரு நாளாவது உளநல வைத்திய அதிகாரி நோ கிளினிக்கிலேயே வந்து இருக்கட்டும். பிசியோதெரபியும் பக்கத்திலேயே நடக்கட்டும். நோ குறைந்த நாளில் வீட்டுவேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டுப் பிறகு நாட்கணக்கில் படுக்கையில் கிடப்பேன். சுகமோ சுகமில்லையோ தினமும் அளவாக நட, அளவாகச் செய் என்று எனக்குப் பழக்கியவர் ஒரு பிசியோதெரபிப் பிள்ளைதான். ஒழுங்கை முனைவரை நடந்து திரும்புவதில் தொடங்கினேன். நோ போகவில்லை. நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தேன்.

குறிகட்டுவானில் படகேறி வரவேண்டிய நெடுந்தீவுச் சனங்களுக்கும், எழும்ப முடியாதவர்களுக்கும் வீட்டுக்குப் போகும் ஆட்கள் வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய நோ தணிப்புப் பணி, அயலட்டைத் தொண்டர்களின் கையால் கேரளம் முழுக்கப் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆனது. எங்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார்கள், உளவளத்துணை படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் வீட்டாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நோவோடு கிடப்பவர் "போய்ச் சேர்ந்தால் நல்லம்" என்றால், வயசுக்கதை என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலும் பேசலாம்.

ஆளுநர் அவர்களே, எல்லா இடத்திலும் ஒரே நாளில் முடியாது என்பது விளங்குகிறது. இந்த ஆண்டிலேயே ஒரே ஒரு ஆதார வைத்தியசாலையில் தொடங்க உத்தரவிடுங்கள். அந்த இரண்டு கேள்விகளும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சாகட்டும்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஒரு முன்னாள் ஆசிரியை